நிக் கேவைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

பட்டர்வொர்த்தில் 30 வருடமாகச் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு என்று ஸ்பீக்கர் கட்டாத இடம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நான் போடுவது பெரும்பாலும் ஒரே ஆளின் பாட்டுதான்: ஆஸ்திரேலியாவில் பிறந்த ராக் பாடகர் நிக் கேவ். சாவு, கொலை, கடவுள், காதல் என்று கனமான விஷயங்களையே பாடி "இருட்டுப் பாட்டுக்காரர்" என்று பெயர் வாங்கியவர். பினாங்கு, கோலாலம்பூர் நண்பர்கள் பல பேர் இவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

பிறையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நம் வீட்டில் எல்லாம் இளையராஜாவும் டி.எம்.எஸ்.ஸும்தான் ஓடும். உங்களுக்கு இவர் எப்படிக் கிடைத்தார்?

எங்கள் வீட்டிலும் அதேதான் தம்பி. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம் இருந்தது உனக்குத் தெரிந்திருக்கும். என் அம்மா அந்த விமானப்படைக்காரர் ஒருவர் வீட்டில் வேலை செய்தார். 1988-ல் தளத்தை நம் நாட்டிடம் ஒப்படைத்த சமயம் நிறைய குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின, அம்மா வேலை செய்த குடும்பமும் போனது. போகும்போது ஒரு பெட்டி நிறைய கேசட் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது 14 வயது. அதில் ஒன்று நிக் கேவின் 1985 ஆல்பம், "தி ஃபர்ஸ்ட்பார்ன் இஸ் டெட்". முதல் பாட்டே இடியும் மழையுமாகத்தான் ஆரம்பிக்கும். அதைக் கேட்டுவிட்டு அம்மா கொடியில் காயும் துணியை எடுக்க வாசலுக்கு ஓடினார், வெளியே நல்ல வெயில்.

எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ராத்திரியைப் பற்றிய பாட்டு அது. எல்விஸுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு, இறந்தே பிறந்த குழந்தை. ஆல்பத்தின் பெயரே அந்தக் குழந்தையைத்தான் குறிக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும், அன்றைக்குப் புரிந்தது அந்தக் குரல் மட்டும். அடித்தொண்டையிலிருந்து, ஏதோ கெட்ட சேதி கொண்டு வந்தவர் வாசலில் நின்று சொல்வது மாதிரி.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு தங்கச்சி: சின்ன வயதில் எப்படி இருந்தார்? ஏன் இவ்வளவு கோபம்?

1957-ல் விக்டோரியா மாநிலத்தில் வாரக்னபீல் என்ற சின்ன ஊரில் பிறந்தார், வளர்ந்தது வாங்கரட்டாவில். அப்பா ஆங்கில இலக்கிய ஆசிரியர், அம்மா நூலகர். அந்த ஊர்த் தேவாலயத்தில் பாட்டுக்குழுப் பையனாகப் பாடினார் என்பதை மறக்காதே, பின்னால் வருவதற்கெல்லாம் அங்கேதான் விதை. பள்ளியில் அடங்காமல் வெளியே அனுப்பப்பட்டு, மெல்பர்னில் விடுதிப் பள்ளிக்குப் போனார். அங்கே கிடைத்த நண்பர்தான் மிக் ஹார்வி, 2009 வரைக்கும் கூடவே வாசித்தவர்.

அப்பாதான் அவருக்கு நல்ல எழுத்தைக் காட்டிக் கொடுத்தவர். 1978-ல், நிக்குக்கு 21 வயது, திருட்டு வழக்கில் பிடிபட்டு செயின்ட் கில்டா காவல் நிலையத்தில் இருக்கிறார். ஜாமீனில் எடுக்க அம்மா வந்திருக்கிறார். அந்த நேரத்தில், அந்த இடத்தில், அப்பா கார் விபத்தில் போய்விட்டார் என்று சேதி வருகிறது. மகனாக அப்பாவிடம் ஒன்றையும் நிரூபிக்க முடியாமல் போன நாள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்த வெற்றிடத்தைப் பார்த்து எழுதியதுதான் என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். கோபம் என்று நீ கேட்பது எனக்கு எப்போதும் அழுகையாகத்தான் கேட்கும்.

செபராங் ஜெயாவிலிருந்து உறுமி மேளம் வாசிக்கும் ஒரு தம்பி: ஆரம்பகால பேண்ட் பர்த்டே பார்ட்டி வெறும் சத்தம் என்கிறார்கள், உண்மையா அண்ணே?

உனக்குச் சொல்வது சுலபம். உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் வயிற்றுக்குள் இறங்குமே, சாமி வந்தவர் அதைக் கேட்டுத்தானே ஆடுகிறார்? பர்த்டே பார்ட்டியின் பேஸ் கிட்டார் அந்த வேலையைத்தான் செய்யும். டிரேசி ப்யூ என்பவர் வாசித்தார். மேலே ரோலண்ட் எஸ். ஹோவர்டின் கிட்டார் தகரத்தைக் கிழிப்பது மாதிரி போகும், நடுவில் நிக் கத்துவார், உருளுவார். மெல்பர்னிலிருந்து 1980-ல் லண்டன் போனார்கள், கையில் காசு இல்லை, ஊரும் பிடிக்கவில்லை, 1982-ல் பெர்லினுக்கு மாறினார்கள், 1983-ல் பேண்ட் உடைந்தது. கோபத்தில் கட்டிய பந்தல் அவ்வளவு நாள்தான் நிற்கும். ஆனால் 1982-ல் வந்த "ஜங்க்யார்ட்" ஆல்பத்தை நல்ல ஸ்பீக்கரில், பேஸைக் குறைக்காமல் ஒரு தரம் கேள். அப்புறம் சொல், அது சத்தமா என்று.

பெர்லினில்தான் பிலிக்ஸா பார்கெல்ட் சேர்ந்தார், இரும்பையும் டிரில்லையும் வைத்து இசை செய்த ஆள். மிக் ஹார்வியும் அவரும் கூட இருக்க, பேட் சீட்ஸ் என்ற புது பேண்ட் பிறந்தது. 1984-ல் முதல் ஆல்பம். 40 வருடம் தாண்டியும் அந்தப் பெயரில்தான் பாடுகிறார்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்கா: என் மகன் எந்நேரமும் இவர் பாட்டுதான். கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட். 2001-ல் பிளாக் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையைக் கேட்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்த கதையெல்லாம் ஞாபகம் வருகிறது. இது பேய் வழிபாட்டுப் பாட்டா தம்பி?

அக்கா, பயப்படாதீர்கள். இவர் பாட்டில் கடவுள் வராத ஆல்பத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். சின்ன வயதில் தேவாலயத்தில் பாடியவர், பைபிளை விடாமல் படித்தவர். இளமையில் அவருக்குப் பிடித்தது பழைய ஏற்பாட்டின் கோபக்காரக் கடவுள். வயது ஏற ஏற இயேசுவின் பக்கம் வந்தார், ஆனால் எந்த வயதிலும் கடவுளோடு சண்டை மட்டும் நிற்கவில்லை. நம் மரபில் இதற்கு இடமே இருக்கிறதே, நிந்தாஸ்துதி என்று பெயர் வைத்திருக்கிறோம். சுந்தரர் சிவனோடு போடாத சண்டையா? நம்பிக்கை இல்லாதவன் சண்டை போடமாட்டான், எழுந்து போய்விடுவான்.

மகன் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று ஒரு நாள் கூட உட்கார்ந்து கேளுங்கள். சட்டை நிறத்தை வைத்து அவனிடம் பேச்சை ஆரம்பிக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்வது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்: கொலையைப் பற்றி ஓர் ஆல்பம் முழுக்கப் பாடியிருக்கிறாராமே. அதை ரசிப்பது சரியா?

1996-ல் வந்த "மர்டர் பேலட்ஸ்". இது அவர் கண்டுபிடித்த வகை இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டிப் பாடும் பழக்கம் நூற்றாண்டுகளாக உண்டு. நம்மிடமும் இருந்தது, கொலைச் சிந்து. ஊரில் ஒரு கொலை நடந்தால் உடனே பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்றார்கள். கேட்டவர்கள் கெட்டவர்களா? ஊர் தாங்க முடியாத ஒன்றை ஊரே சேர்ந்து கேட்டு இறக்கிவைத்தது.

அந்த ஆல்பத்தில் கைலி மினோகோடு பாடியது உங்களுக்குத் தெரிந்திருக்கும், "வேர் தி வைல்ட் ரோஸஸ் குரோ". ஆற்றங்கரையில் ஒரு பெண்ணைக் கொல்லும் கதை, கொலைகாரனும் செத்தவளும் மாறி மாறிப் பாடுவார்கள். கைலி அன்றைக்குப் பளபளக்கும் பாப் நட்சத்திரம், நிக் பல வருடமாக அவருக்கென்று ஒரு பாட்டு எழுத ஆசைப்பட்டுக் காத்திருந்தார். ஆஸ்திரேலியாவில் அது இரண்டாம் இடம் வரை போனது. செத்தவளுக்கும் ஒரு குரல் கொடுத்தாரே, அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அந்த ஆல்பத்தில் சில பாட்டுகள் எனக்கே ஒத்துவராது, ரத்தம் அளவுக்கு மீறிப் போகும். அவற்றைத் தாண்டிப் போய்விடுவேன்.

அதே தம்பி, பிறை: டிவி தொடர் பீக்கி பிளைண்டர்ஸ் பாட்டு இவருடையதா?

ஆமாம், "ரெட் ரைட் ஹேண்ட்", 1994 ஆல்பத்தில் வந்தது. அந்தச் சொல் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்தில் வருவது, கடவுளின் தண்டிக்கும் கையைக் குறிக்கும்.

கிள்ளானிலிருந்து ஒருவர்: போதைப்பொருள்?

ஹெராயின், ஏறக்குறைய 20 வருடம். விட்டுவிட்டார். போதையால்தான் பாட்டு வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விட்ட பிறகு எழுதியது அதிகம், ஆழமும் அதிகம். அலுவலகம் போகிறவர் மாதிரி காலையில் கிளம்பிப் போய் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவர்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பாடகர் தம்பி: விருதை வேண்டாம் என்றாராமே?

1996-ல் எம்.டி.வி. சிறந்த ஆண் பாடகர் பட்டியலில் இவர் பெயரையும் போட்டது. நன்றி சொல்லி, மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்: என் பெயரை எடுத்துவிடுங்கள், இனிமேலும் போடாதீர்கள், எனக்குப் பாட்டு தரும் கலைத்தேவதை பந்தயக் குதிரை இல்லை, அவளை ஓடவிட்டால் பயந்து என்னைவிட்டுப் போய்விடுவாள் என்ற கருத்தில். போட்டி மேடைகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். மேடைக்குப் பின்னால், தோற்றுவிட்டோம் என்று பாடுவதையே விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் அந்தக் கடிதத்தைச் சொல்வேன்.

சுங்கை ஆராவிலிருந்து ஒரு தாய்: அவருடைய மகன் இறந்தபோது எப்படித் தாங்கினார்? நானும் ஒரு பிள்ளையைக் கொடுத்தவள்.

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதற்கும் பதில் எழுதவில்லை.

2015 ஜூலையில் ஆர்தர் இறந்தான். 15 வயது, இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன். அவர்கள் வசித்த பிரைட்டன் பக்கத்தில் ஒரு கடற்பாறை உச்சியிலிருந்து விழுந்துவிட்டான். அப்போது "ஸ்கெலிட்டன் ட்ரீ" ஆல்பம் பாதிக்கு மேல் எழுதி முடிந்திருந்தது, அந்த நிலையிலும் அதை முடித்து 2016-ல் வெளியிட்டார். பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மகன் சாவைப் பற்றிக் கேட்பதைத் தாங்க முடியாது என்று, பேட்டிக்குப் பதிலாக ஓர் ஆவணப்படம் எடுக்கச் சொல்லி அதை மட்டும் காட்டினார்.

பிறகு 2018-ல் செய்ததுதான் எனக்குப் பெரிது. யார் வேண்டுமானாலும் தனக்கு எழுதலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இணையத்தில் ஒரு கதவைத் திறந்தார். "ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ்" என்று பெயர். விளம்பரம் கிடையாது, அவரே படித்து அவரே எழுதுகிறார், 300-க்கும் மேல் பதில்கள் வந்துவிட்டன. உங்களைப் போலப் பிள்ளையை, அப்பாவை, கணவரை இழந்தவர்கள் எழுதுகிறார்கள். துக்கமும் அன்பும் ஒன்றோடு ஒன்று பின்னியது, அன்பு வைத்தால் துக்கம் உண்டு என்று ஒரு பெண்ணுக்கு எழுதினார். மகன் பக்கத்தில் இருப்பதாக உணர்கிறேன், அவனோடு பேசுகிறேன் என்றும் வெட்கமில்லாமல் சொன்னார். நம் வீடுகளில் ஒப்பாரி வைக்கும் பாட்டிகள் செத்தவரை "நீ" என்று கூப்பிட்டுத்தான் பேசுவார்கள். போனவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்வது வேறு, போனவரிடமே பேசுவது வேறு. அந்த இரண்டாவதைத்தான் அவர் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

2019-ல் "கோஸ்டீன்" வந்தது. ஒலிக்காரனாகச் சொல்கிறேன், அதில் டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை. தாளம் இல்லாமல் குரலும், பேட் சீட்ஸில் கூட வாசிக்கும் வாரன் எலிஸின் சின்தசைசரும் மிதந்துகொண்டே இருக்கும். காலுக்குக் கீழே தரை இல்லாதவரின் பாட்டு அப்படித்தானே இருக்க முடியும். 2022-ல் இன்னொரு மகன் ஜெத்ரோவும் போய்விட்டான். 2024-ல் வந்த "வைல்ட் காட்" ஆல்பத்தில் ஆனந்தம் இருக்கிறது அம்மா, நிஜமான ஆனந்தம், கோரஸ் எல்லாம் எழுந்து நிற்கிறது. எப்படித் தாங்கினார் என்று கேட்டீர்கள். தனியாகத் தாங்கவில்லை, முகம் தெரியாத பல பேர் எழுதிய கடிதங்களோடு தாங்கினார். நீங்கள் விரும்பினால் உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்கு எழுதுங்கள், படிப்பேன்.

பந்தாய் டாலத்திலிருந்து ஒரு தம்பி: எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

ராத்திரி தனியாகக் கேட்பாயென்றால் 1997-ல் வந்த "தி போட்மன்ஸ் கால்". பியானோவும் குரலும் மட்டும் என்று சொல்லிவிடலாம். உடம்பு ஆட வேண்டுமென்றால் 1994-ன் "லெட் லவ் இன்". கோஸ்டீனை இப்போதே எடுக்காதே, அது காத்திருக்கும்.

ஜார்ஜ்டவுன் தங்கச்சி: சாட்ஜிபிடி இவர் பாணியில் பாட்டு எழுதியதாமே?

2023 ஜனவரியில் ஒரு ரசிகர் அப்படி ஒன்றை எழுதவைத்து அவருக்கே அனுப்பினார். அவருக்குப் பிடிக்கவில்லை. பாட்டு வலியிலிருந்து பிறக்கிறது, இயந்திரத்துக்கு வலி தெரியாது என்று பதில் எழுதினார். எனக்கும் அதே எண்ணம்தான்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர்: உங்கள் தொழிலில் இவர் பாட்டை எங்காவது போட்டிருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை. போட்மன்ஸ் கால் ஆல்பத்தில் "இன்டு மை ஆர்ம்ஸ்" என்று ஒரு பாட்டு. மனிதர் விஷயத்தில் தலையிடுகிற கடவுளை நான் நம்பவில்லை, நீ நம்புகிறாய், அதனால் உனக்காக அவரிடம் கேட்கிறேன் என்ற மாதிரி போகும். 1997-ல் நண்பர் மைக்கேல் ஹட்சன்ஸின் இறுதிச் சடங்கில் நிக் இதைப் பாடினார். பாடும்போது டிவி கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

சில வருடம் முன்னால் என் கூட்டாளி ஒருவன் மாரடைப்பில் போனான். கேபிள் இழுப்பதில் அவனைப் போல ஆள் கிடையாது. அவன் வீட்டில் தேவாரம், உறுமி எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பி, நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு ஸ்பீக்கர் மட்டும் கழற்றாமல் நின்றது. சத்தத்தை நன்றாகக் குறைத்து அந்தப் பாட்டைப் போட்டேன், அவனுக்கும் எனக்கும் மட்டும் என்று நினைத்துக்கொண்டு. முடிந்ததும் உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தார். என்ன பாட்டு, யார் பாடுகிறார் என்று ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, அதை இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். போட்டேன்.