பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை அதே இடத்தில் திரும்பக் கட்டுவது நல்லதா, மக்களை வேறு இடத்துக்கு மாற்றுவது நல்லதா?

அதே இடத்தில் கட்டுவதுதான் சரி. சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோதும் அதுதான் வழியாக இருந்தது, 2000-க்குப் பிறகுதான் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர் ஓரத்துக்கு ஆட்களை அனுப்பினார்கள். இதில் பெரிய அடி வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு. காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் இரண்டு வீடு என்று நடந்தே போய் வந்தவர், பஸ்ஸில் அவ்வளவு தூரம் அலைந்தால் கையில் என்ன மிஞ்சும்?

அதற்காகப் பழைய கட்டடத்தை அப்படியே விடவும் முடியாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்பே வெளியேறியதால் எல்லோரும் பிழைத்தார்கள்.

உங்கள் பிளாக்கை இடிக்க வந்தால், புதுசு கட்டி முடியும்வரை வெளியே தங்க வாரியம் தரும் வாடகைப் பணத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைக்குமா என்று பாருங்கள், அப்புறம் திரும்ப வீடு உண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு காலி செய்யுங்கள்.