மார்க்கஸ் ஆரேலியஸின் மாலை எங்கே போயிற்று?
நீங்கள் வாங்கிய தினாரியஸில் (பழைய ரோமானிய வெள்ளிக் காசு) ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் தலை மாலையில்லாமல் வெறுமையாக இருக்கிறது, போலியோ என்று பயப்படுகிறீர்கள். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. காசுகளில் பேரரசர்கள் தலையில் வழக்கமாகக் காணும் லாரல் இலை மாலை தேய்ந்துபோனாலும், அதைக் கட்டிய நாடாவின் நுனிகள் பெரும்பாலும் பிடரியில் கொஞ்சமாவது தங்கியிருக்கும். உங்கள் படத்தில் பிடரி சுத்தமாக இருக்கிறது; சுருள்முடி தனித்தனியாகத் தெரிகிறது. ஆக, மாலை முதலிலிருந்தே இல்லை.

கி.பி. 161 வரை அவர் பேரரசர் அல்ல, அப்போதைய பேரரசர் அந்தோனினஸ் பயஸின் வாரிசு; அந்தப் பட்டம்தான் சீசர். வாரிசுகளை அக்காலத்தில் பெரும்பாலும் வெறுந்தலையுடன்தான் காட்டினார்கள். பின்புறத்தில் 'இரண்டாம் முறை கான்சல்' (கான்சல் என்பது ரோமின் உயர் பதவி) என்றிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது 145 முதல் 160 வரையிலான காலம். பொருந்துகிறது. விற்றவர் 'பேரரசர்' என்று எழுதியதுதான் பிசகு.

ஆனால் வெறுந்தலை என்றாலே சீசர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேரரசர் ஹேட்ரியனுக்கும் அப்படிப்பட்ட காசுகள் உண்டு. 69இல் மூன்றே மாதம் ஆண்ட பேரரசர் ஓத்தோவின் தினாரியஸிலும் வெறுந்தலைதான். ஆனால் பெயருக்குத்தான் அது வெறுந்தலை. வழுக்கையை மறைக்க ஓத்தோ பொய்முடி வைத்திருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார்!

போலிச் சந்தேகம் தீர எடை போட்டுப் பாருங்கள். 3 கிராமுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு (அச்சில் உருக்கி ஊற்றிய போலியில் விழும் தடம்) ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.