பழைய .315 ரைபிளில் குறி சிதறுகிறது, கட்டையும் ஆடுகிறது: குறைந்த செலவில் எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் இருக்கிறோம். அப்பா பெயரில் இருந்த இசாப்பூர் .315 ரைபிள் முறைப்படி என் பெயருக்கு லைசென்ஸ் மாறி வந்திருக்கிறது. 50 மீட்டரிலேயே குண்டு ஒரு முழம் சிதறுகிறது. பின்கட்டை லேசாக ஆடுகிறது. ஸ்கோப் மாட்டினால் சரியாகுமா? அதிகம் செலவு செய்ய முடியாது.

பதில்:

ஸ்கோப் இதற்குத் தீர்வு இல்லை. ஆடுகிற கட்டையில் ஸ்கோப் மாட்டினால் சிதறலைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். இந்த ரைபிளை மேம்படுத்துவது என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த இறுக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான். முக்கால்வாசிக் கோளாறு மரத்திலும் திருகாணியிலும் இருக்கும்; குழலில் இருப்பது குறைவு.

மேற்கு வங்கத்தில் உள்ள இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்படும் .315, பழைய லீ-என்ஃபீல்டு நம்பர் 1 ராணுவ ரைபிளின் அமைப்பிலேயே உருவானது. அந்த ரைபிளின் .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது என்பதால், அதே இயந்திரத்தில் 8 மி.மீ. தோட்டாவைப் பொருத்தினார்கள். ஆகவே அந்த ராணுவ ரைபிளுக்கு வரும் நோய்கள்தான் இதற்கும் வரும்.

எதையும் தொடும் முன் மேகஸினைக் கழற்றுங்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும், கைப்பிடி உள்ள உருளை) திறந்து, குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். நீங்கள் வேலை செய்யும் வீட்டு அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. பிறகு போல்ட்டை முழுதாகப் பின்னிழுத்து, அதன் தலையை மேல்நோக்கித் தூக்கினால் பிடியிலிருந்து விடுபட்டு வெளியே வந்துவிடும். போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ரைபிளின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு ரைபிளின் போல்ட் மாறி வந்திருந்தால் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி) அளந்த பிறகுதான் மறுபடி சுட வேண்டும்.

இப்போது ஆடுகிற பின்கட்டைக்கு வருவோம். பலரும் இங்கேதான் ரைபிளைக் கெடுக்கிறார்கள். கட்டையின் அடித்தகட்டில் உள்ள சிறு மூடியைத் திறந்தால், நீளத் துளையின் ஆழத்தில் பெரிய மரை போல்ட் ஒன்றின் தலை தெரியும் (முன்பு கழற்றிய போல்ட் வேறு, இது வேறு). நீண்ட ஸ்க்ரூடிரைவரை விட்டு உடனே முறுக்கத் தோன்றும். முறுக்காதீர்கள். நம்பர் 1 அமைப்பில் அந்த போல்ட்டின் மறுமுனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் (குழலுக்கு அடியில் உள்ள மரம்) பின்பக்கத் தகட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை மாட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திருப்பினால் சதுர முனையும் கூடவே சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். முதலில் முன்கட்டையைக் கழற்றி, பிறகு பின்கட்டை போல்ட்டை இறுக்கி, சதுர முனை மீண்டும் தகட்டில் சரியாகப் பொருந்தும் நிலையில் நிறுத்தி, கடைசியில்தான் முன்கட்டையைப் பூட்ட வேண்டும். பின்கட்டை ஆடினால் குறி பெரும்பாலும் இடவலமாகச் சிதறும்.

அடுத்தது டிரிக்கர் கார்டின் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) முன்பக்கத்தில் உள்ள பெரிய திருகாணி. குழலையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அதைச் சுற்றி மரத்துக்குள் ஒரு சிறிய உலோகக் குழாய் இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கத்து மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கும். மரம் சுருங்கினாலும் அந்தக் குழாய் சுருங்காது. திருகாணி குழாயின் மேல் வந்து முட்டி நிற்கும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் மரத்தை அது பிடிக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. திருகாணியை இறுக்கிய பிறகு, ஒரு கையால் குழலையும் மறுகையால் முன்கட்டையையும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மயிரிழை அசைவு தெரிந்தாலும் சுருங்கிய மரத்தைவிடக் குழாய் நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைக்க வேண்டும்; ஒரேயடியாக அரம் போட்டால் திரும்ப நீளமாக்க முடியாது.

முன்கட்டையைக் கழற்றியிருக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். வெடிப்பின் பின்தள்ளலைத் தாங்குவது முன்கட்டையின் பின்பக்கம் இருபுறமும் உள்ள இரண்டு சிறு மரப்பரப்புகள். ரைபிள் உடலின் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் கரியை மெல்லப் படியவிட்டு, கட்டையை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு கரி ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினாலோ, இரண்டிலும் ஒட்டாமல் இருந்தாலோ ஒவ்வொரு வெடிக்கும் கட்டை நகர்கிறது. இன்று சிதறல், நாளை விரிசல். அந்த இடத்தை வெட்டி, நன்கு காய்ந்த ஈட்டி மரத்துண்டை, குறுக்கு வெட்டு முகம் உலோகத்தைப் பார்க்கும்படி எபாக்ஸி வைத்து ஒட்டுவதுதான் சரியான வேலை. இதைத் தச்சரிடமோ லேத் பட்டறையிலோ கொடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்க அதற்கென்று லைசென்ஸ் வேண்டும். சுத்தம் செய்வதும் எண்ணெய் போடுவதும் உங்கள் வேலை. அறுப்பது, ஒட்டுவது, அரம் போடுவது லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரின் வேலை. குழலைக் குட்டையாக்குவதும் ரைபிளின் அடையாள எண்ணை அழிப்பதும் தனிக் குற்றங்கள்.

குழலுக்கு வருவோம். வாய் விளிம்பில் ஒரு பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே சுற்றி இழுங்கள். பஞ்சு இழை எங்கேயாவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது, குறி போவதற்கு அது ஒன்றே போதும். வாய்ப்பக்கமிருந்து இரும்புக் கம்பி விட்டுத் துடைத்த பழைய ரைபிள்களில் இந்தத் தேய்மானம் சகஜம். அறைப்பக்கமிருந்து கயிறு விட்டு இழுப்பதே நல்லது, அதுவும் நேராக. சாய்த்து இழுத்தால் கயிறே விளிம்பை அறுக்கும். துணிக்குப் பழைய பனியனை 10 செ.மீ.க்கு 5 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். இறுக்கமாகப் போக வேண்டும், ஆனால் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பழைய இருப்புத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால், பிரைமரின் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் பொட்டு) உப்பு குழலில் தங்கியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, அறைப்பக்கம் புனல் வைத்து இரண்டு லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். அந்தச் சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். உலர்ந்த துணி நாலைந்து இழுத்து, கடைசித் துணியில் மெல்லிய எண்ணெய். சுட்ட அன்றே செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி போதும், துரு பிடிக்க.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் ஆயில் தாராளமாகப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி இரவில் அது உறைந்து ஸ்ட்ரைக்கர் (பிரைமரைக் குத்தும் ஊசி) ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்குப் பெயின்ட் கடை லின்சீட் ஆயில், உள்ளங்கையில் சில சொட்டு எடுத்துத் தேய்த்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். சுடும் முன் அறையில் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது. எண்ணெய் இருந்தால் தோட்டா உறை அறைச்சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு அழுத்தமும் போல்ட் மேல் விழும். லெதர், ரெக்ஸின் உறைக்குள்ளும் வைத்துப் பூட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும்.

டிரிக்கரைத் தேய்த்து மென்மையாக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். இரண்டு கட்டமாக இழுபடுவதே இதன் இயல்பு. கோணம் ஒரு துளி மாறினால் தட்டினாலே வெடிக்கும் துப்பாக்கியாகிவிடும். தோட்டா இல்லாமல் காக் செய்து (சுடத் தயாராக ஸ்ட்ரைக்கரை ஏற்றி), அடிக்கட்டையை ரப்பர் பாயில் தட்டிப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் உடனே கடைக்கு.

இத்தனையும் முடிந்தபின் அனுமதி பெற்ற துப்பாக்கி சுடும் ரேஞ்சில் மட்டும் சோதியுங்கள். இந்தக் குண்டு ஓரிரு கிலோமீட்டர் தாண்டியும் உயிரைக் குடிக்கும். தோட்டத்தில் மண்மேடு இருக்கிறது என்பது சமாதானம் ஆகாது. ஒரே லாட் தோட்டாவில் 50 மீட்டரில் ஐந்து ஐந்தாக மூன்று முறை, நடுவில் குழல் ஆற ஐந்து நிமிடம். சூடாக ஆக ஒரே திசையில் குறி ஏறிக்கொண்டே போனால் மரம் குழலை எங்கோ அழுத்துகிறது. குறி ஒரே இடத்தில் சேர்ந்து, ஆனால் ஓரமாக விழுந்தால் மட்டுமே சைட்டை (குறி பார்க்கும் முனை) தொடுங்கள். குண்டு வலப்பக்கம் போனால் முன் சைட்டையும் வலப்பக்கமே தட்ட வேண்டும். இரு சைட்டுக்கும் நடுவே 50 செ.மீ. இருந்தால், அரை மில்லிமீட்டர் நகர்த்துவது 50 மீட்டரில் 5 செ.மீ. மாற்றும். திறந்த சைட்டில் 100 மீட்டரில் 12 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்தும் விழுந்தால், இந்த ரைபிளுக்கு அது நல்ல நிலை. அதற்குமேல் செலவு செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். காட்டுப்பன்றி நிலக்கடலையைத் தோண்டினாலும் இந்த ரைபிளால் சுட உங்களுக்கு உரிமை இல்லை. வனத்துறையிடம்தான் முறையிட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் ஆயுத லைசென்ஸ்தாரர்கள் வனத்துறையில் பெயர் பதிய வேண்டும் என்கிறது. காவிரி வடக்குச் சரணாலயம் முன்பே அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022-ல் அறிவிக்கப்பட்டது. பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்கள் பலவும் இந்த எல்லைக்குள் வரும். அப்பா பதிந்திருந்தாரா என்று பழைய காகிதங்களில் தேடுங்கள். இல்லையென்றால் மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி லைசென்ஸோடு வையுங்கள். முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ரைபிளோடு நுழைவதும் கூடாது. ரேஞ்சுக்குப் போகும் வழியையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் இறுக்கிய பிறகு ஒவ்வொரு திருகாணித் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு நெயில் பாலிஷில் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது. மாசியில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை பார்த்தால் போதும்.