புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: விராலும் அதன் உறவுகளும்

கேள்வி: விரால் குஞ்சு என்று வாங்கிக் குளத்தில் விட்டு மூன்று மாதம் ஆகிறது. வலை இழுத்தால் மூன்று தினுசாக வருகின்றன. சிலவற்றுக்கு வாலடியில் கண் போன்ற கரும்புள்ளி இருக்கிறது. சில குட்டையாக, உடல் முழுக்கப் பொட்டு வைத்தாற்போல் இருக்கின்றன. எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. இது நோயா, இனக் கலப்பா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், குஞ்சிலேயே கலப்பு நடந்திருக்கிறது. வாலடியில் கண் உள்ளது பூவிரால்; அவிரி என்றும் சொல்வார்கள். குட்டையாகப் பொட்டுடன் இருப்பது பெரும்பாலும் குறவை. இயற்கை நீர்நிலையில் கூட்டமாக மேயும் குஞ்சுகளை அள்ளி விற்கும்போது இது எளிதில் நேர்ந்துவிடும். அந்த வயதில் காணும் செந்நிறமும் மஞ்சள் கோடும் சில வாரங்களில் மறைந்துவிடும் என்பதால், வாங்கும் நாளில் கண்ணால் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு.

நிறத்தை நம்பாதீர்கள் என்பதைத்தான் முதலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கலங்கல் நீரில் இருந்த மீன் வெளுத்திருக்கும். பாசி படர்ந்த குளத்து மீன் கறுத்திருக்கும். அதே மீனை வெள்ளைத் தொட்டியில் சற்று நேரம் விட்டால் நிறம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

புள்ளியை நம்பலாம், ஆனால் அது இருக்கும் இடத்தைக் கவனித்து. விரால் குஞ்சுகளுக்கும் கரும்புள்ளி வருவதுண்டு. அது முதுகுத்துடுப்பின் கடைசிக் கதிர்களின் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளின்) மேல் இருக்கும். பூவிராலின் புள்ளியோ வால்துடுப்பு தொடங்கும் இடத்தில், மேற்பாதியில், ஆரஞ்சு வளையம் சூழ்ந்து இருக்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி நல்ல விரால் குஞ்சையே கழித்துவிட்டவர்களை நான் அறிவேன். அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

உறுதி வேண்டுமென்றால் எண்ணிப் பார்ப்பதுதான் வழி. செத்து மிதக்கும் குஞ்சு ஒன்றை எடுத்து, முதுகுத்துடுப்பை விரித்துப் படம் பிடித்து, பெரிதாக்கிக் கதிர்களை எண்ணுங்கள். குறவைக்கு 28 முதல் 33 வரை, விராலுக்கு 37 முதல் 46 வரை, பூவிராலுக்கு 45 முதல் 55 வரை இருக்கும். 45, 46 என்று வந்தால் அது விராலாகவும் இருக்கலாம், பூவிராலாகவும் இருக்கலாம். அப்போது உடலின் நடுவே செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டின் செதில்களை எண்ண வேண்டும். விராலில் அவை 50 முதல் 57 வரை, பூவிராலில் 60 அல்லது அதற்கு மேல். குறவையில் 40-ஐத் தாண்டாது. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இரண்டு மூன்று மீன்களை எண்ணிவிட்டால் பிறகு கண்ணே பழகிவிடும்.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? மேலே மூச்செடுக்க வராமல் ஒதுங்கிக் கிடக்கும் மீன், புண், செத்து மிதப்பது எதுவும் இல்லாவிட்டால் நோய் என்று முடிவு செய்ய வேண்டாம். இவை எல்லாமே ஊனுண்ணிகள். வாய்க்கு அடங்கும் உடன்குஞ்சை விழுங்கத் தயங்குவதில்லை. ஒரே இனத்திலேயே ஒரு குஞ்சு முந்திக்கொண்டால் பின்தங்கியது இரையாகிவிடும். பூவிரால் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, குறவையோ ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் நின்றுவிடும். இவற்றை ஒரே குளத்தில் வைத்தால் அளவு வேறுபாடு நாளுக்கு நாள் கூடும். சிறியவற்றின் கணக்கு உங்கள் வலைக்கு வராமலே முடிந்துவிடும்.

ஆகவே இந்த வாரமே வலை இழுத்துப் பிரியுங்கள். முதலில் அளவு வாரியாக, பிறகு இன வாரியாக. அளவில் பெரியவற்றை எந்த இனமானாலும் உடனே தனியே விட்டுவிடுங்கள். இனத்தை மறுநாள் எண்ணிக்கொள்ளலாம், விழுங்கப்பட்ட குஞ்சு திரும்பி வராது. கையை நனைத்துப் பிடியுங்கள். பிடித்து வைக்கும் தொட்டிகளை மூடி வையுங்கள், இவை துள்ளி வெளியேறுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் காற்றுப் புகாதபடி மூடிவிடாதீர்கள். மேலே வந்து காற்றை உறிஞ்சாவிட்டால், நீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விரால் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

கழித்த மீன்களை ஆற்றிலோ பொதுக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது விரல் நீளம் வளர்ந்தவையாகக் கேளுங்கள். அந்த அளவில் வாலடிப் புள்ளி தெளிவாகத் தெரியும், கதிர்களையும் எண்ணலாம்.