மேப்புல கேம்ப் போட இடம் தேடுறது எப்படி: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம், கடலூர்ல இருந்து. எனக்குத் தெரிஞ்சது மேப் மட்டும்தான், வண்டி, டென்ட், அடுப்பு பத்தியெல்லாம் என்கிட்ட கேட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. இன்னொண்ணு, ஆத்து மணல்ல டென்ட் போடலாமான்னு யாரும் கேக்க வேணாம். கூடாது.

பாண்டி ஜிம்னி: அண்ணா, புதுசா ஃபோர் பை ஃபோர் எடுத்திருக்கேன். கூகுள் மேப்புல கேம்ப்சைட்னு அடிச்சா ரிசார்ட்டா வருது. ஆளில்லாத இடமா எப்படிப் புடிக்கிறீங்க?

அப்படி அடிச்சா அப்படித்தான் வரும் தம்பி, காசு வாங்கிட்டு டென்ட் போட்டுக் குடுக்குறவங்கதான் கூகுள்ல பேர் பதிஞ்சு வெச்சிருப்பாங்க, சும்மா கிடக்குற இடத்துக்கு யாரு போய்ப் பேர் வெப்பா. ஐஓவர்லேண்டர்னு ஒரு ஆப் இருக்கு, வண்டியில ஊர் ஊரா சுத்துறவங்க தங்கின இடத்தை அதுல குறிச்சு வெக்கிறாங்க, லடாக், ஸ்பிதி பக்கம் கை குடுக்கும், நம்ம பக்கம் ரொம்பக் கம்மி. நான் பண்றது என்னன்னா, ஆகாத இடத்தையெல்லாம் ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வருவேன், மிச்சம் நிக்கிறதைப் போய்ப் பாப்பேன்.

முதல்ல பாதை. ஆஸ்மேண்ட் இல்லன்னா ஆர்கானிக் மேப்ஸ் போடுங்க, ரெண்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவல்ல ஓடுறது, கூகுள் காட்டாத வண்டிப் பாதை, ஏரிக்கரைப் பாதையெல்லாம் இதுல விட்டு விட்டு வர்ற கோடா தெரியும். அந்தக் கோடு எங்க முடியுதோ அங்க சாட்டிலைட்ல உத்துப் பாருங்க, வண்டி திருப்ப இடம் இருக்கா, டயர் தடம் இருக்கா, வெளிய வர்றதுக்கு இன்னொரு வழி இருக்கா. ஒரே வழின்னா நான் அதை அப்பவே அடிச்சிருவேன், மழை வந்து அந்த ஒரு வழியும் சேறாச்சுன்னா உங்க ஃபோர் பை ஃபோரை டிராக்டர் வெச்சுத்தான் இழுக்கணும்.

அடுத்தது கூகுள் எர்த் ப்ரோ, கம்ப்யூட்டர்ல போடுறது, 2015ல இருந்து ஃப்ரீ. அதுல பழைய படங்களைத் தேதி வாரியா நகர்த்திப் பாக்கலாம். ஒரே இடத்தைக் கோடையிலயும் பாருங்க, மழைக்கு அப்புறமும் பாருங்க, பாதி இடம் அங்கயே அடிபட்டுப் போயிரும். மரக்காணம் பக்கம் இருக்குற கழுவேலி ஏரியை மேப்புல வருஷம் பூரா நீலமாத்தான் போட்டிருப்பான், மே மாசம் போனா காஞ்ச தரை, மேல ஓடு கட்டியிருக்கும், வண்டிய இறக்கினா அடியில சேறு. அதுவும் இல்லாம 2021ல இருந்து பறவைகள் சரணாலயம், அங்க டென்ட் பேச்சே கிடையாது. பண்ருட்டி பக்கம் மேல இருந்து பாத்தா காடு மாதிரி தெரியுறது முந்திரி, முழுக்க ஒருத்தர் ஒருத்தரோட பட்டா. கோடு போட்ட மாதிரி வரிசையா மரம் நின்னா சவுக்கு, படம் ரெண்டு வருஷம் பழசுன்னா நீங்க போறப்ப வெட்டி லாரில ஏத்தியிருப்பாங்க, வெறும் கட்டைதான் இருக்கும்.

அப்புறம் மேடு பள்ளம். சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 ஷீட்டு ஆன்லைன்ல லாகின் பண்ணி இறக்கலாம், அதுல கான்டூர்னு ஒரே உயரத்துல இருக்குற இடங்களைச் சேர்த்து வரைஞ்ச கோடு இருக்கும், கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். நெருக்கமா இருந்தா சரிவு, விலகி இருந்தா சமதளம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு ஆறு மாடி உயரப் பாறை இருந்தாலும் மேப் வாயத் தெறக்காது. ஆப்ல வர்ற கான்டூர் பெரும்பாலும் 2000ல ஸ்பேஸ் ஷட்டில்ல இருந்து ரேடார் வெச்சு எடுத்த அளவுல போட்டது, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, அடர்ந்த மரம் இருந்தா மரத்தோட தலையையே தரைன்னு கணக்குல எடுத்திருக்கும். ஜவ்வாது மலை மாதிரி இடத்துல இதை ரொம்ப நம்பாதீங்க.

கிளம்புற வாரம் சென்டினல்-2ன்னு ஐரோப்பாக்காரங்களோட சாட்டிலைட் எடுக்குற படத்தைப் பாருங்க, கோப்பர்னிகஸ் பிரவுசர்ங்கிற வெப்சைட்ல ஃப்ரீ. 5 நாளைக்கு ஒரு தடவை நம்ம தலைக்கு மேல போகுது. ஒரு புள்ளி 10 மீட்டர், அதனால பாதையில குழி இருக்கான்னு தெரியாது, ஆனா ஏரித் தண்ணி எதுவரைக்கும் நிக்குது, காடு எரிஞ்சிருக்கா, ஆறு ஓடுதான்னு போன வாரத்து நிலவரம் தெரிஞ்சிரும். ஐப்பசி கார்த்திகையில மேகம் மட்டும்தான் தெரியும், அந்த சீசன்ல வீட்டுலயே இருங்க.

வில்லியனூர் ஹிமாலயன்: நெட் இல்லாத இடத்துல ஜிபிஎஸ் வேலை செய்யுமா ப்ரோ?

செய்யும். போன் சாட்டிலைட் சிக்னலை வாங்குது, அவ்வளவுதான், அதுக்கு டவர் வேணாம். மேப்பைத்தான் வீட்டுலயே இறக்கி வெச்சுக்கணும். கூகுள் ஆஃப்லைன் மேப்புல சாட்டிலைட் படம் வராது, ரோடும் பேரும்தான் வரும், அதனால முக்கியமான இடத்தையெல்லாம் பின் போட்டு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துக்கோங்க. மொத தடவை இடம் புடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், வெட்டவெளியில வெச்சுட்டுப் பொறுமையா நில்லுங்க.

சில்வர் பீச் ரைடர்: நெய்வேலி கிட்ட படிப்படியா இறங்குற சாம்பல் கலர் பள்ளத்தாக்கு ஒண்ணு சாட்டிலைட்ல பாத்தேன், செம லொகேஷன், ரோடு கூட உள்ள போகுது. யாராச்சும் கேம்ப் பண்ணியிருக்கீங்களா?

பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்ங்க அது. அந்தப் படியெல்லாம் மெஷின் வெட்டினது. அப்படியே மரக்காணத்துல வெள்ளைக் கட்டம் கட்டமா குஜராத் கட்ச் உப்புப் பாலைவனம் மாதிரி இருக்கேன்னு அடுத்து ஒருத்தர் கேப்பீங்க, அது உப்பளம்.

பண்ருட்டி பலா: அண்ணே, ஆத்து மணல் கூடாதுன்னு சொல்லிட்டீங்க, ஆனா திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணையில ஒரு திட்டு இருக்கு, பொங்கல் லீவுல போறோம், அப்போ மழையே இருக்காதே?

இதுக்குத்தான் மொதல்லயே சொன்னேன். தென்பெண்ணை கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர்னு அணை அணையாத் தாண்டி நம்ம கடலூர்ல கடல்ல விழுது. உங்க தலை மேல வெயில் அடிக்கிறப்பவும் மேல தண்ணி தெறந்து விடலாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரை ஏறிச்சு, பாண்டியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டிச்சு, அதுல எல்லாரும் கடலையே பாத்துட்டு இருந்தோம். ஆனா நம்ம ஊர்க் கரையோரத்தை முக்கினது டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர்ல இருந்து விட்ட 1.68 லட்சம் கனஅடி. தூங்குற நேரம் அது. பொங்கல் சமயத்துல அணை நெறஞ்சுதான் இருக்கும், பாசனத்துக்கு எப்ப வேணா தெறப்பாங்க. நீங்க சொல்ற திட்டு பழைய படத்துல எத்தன தடவை இடம் மாறியிருக்குன்னு கூகுள் எர்த்ல நகர்த்திப் பாருங்க, அப்புறமும் போடணும்னு தோணுச்சுன்னா என்கிட்ட சொல்லாதீங்க.

நெல்லிக்குப்பம் கரும்பு: ஏர்ப்ளேன் மோடுல போட்டா லொகேஷன் காட்டுமா?

மேல வில்லியனூர்க்காரருக்குச் சொன்ன பதில். காட்டும்.

பாகூர்க்காரன்: இடம் பட்டாவா புறம்போக்கான்னு மேப்புல தெரியுமா?

நல்ல கேள்வி, யாருமே கேக்குறதில்ல. தமிழ்நாடு அரசோட டிஎன்ஜிஐஎஸ் தளத்துல மேப்பைத் தொட்டா சர்வே நம்பர் வரும், அதை வெச்சு அ-பதிவேடு, அதாவது நிலம் யாரோடது, என்ன வகைன்னு எழுதி வெச்ச அரசாங்கப் பதிவைப் பாக்கலாம். புதுச்சேரிக்கு நிலமகள்னு தனித் தளம். உங்க பாகூர், வில்லியனூர் பக்கம்தான் பெரிய கூத்து, ஒரு வயல் பாண்டி, அடுத்த வயல் தமிழ்நாடு, ரெண்டு தளத்தையும் தெறந்து வெச்சுட்டுப் பாக்கணும், பிரச்சினைன்னா போலீஸ் ஸ்டேஷனும் வேற. பாண்டியில வாங்கின பாட்டிலோட அந்த எல்லையத் தாண்டுறவங்க கதை நான் பேசல. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்குன்னு வந்தா அது அரசாங்க நிலம், டென்ட் போட யாரும் அனுமதிச் சீட்டு அடிச்சு வெக்கல, ஆனா ஊர்ல கேட்டா பெரும்பாலும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

மரத்தடி: போன மாசம் வீராணம் கரைல தங்கினதா சொன்னீங்களே, அந்தப் பின்னை இங்க போட்டு விடுங்க தல, எல்லாருக்கும் உதவும்.

பொதுவுல போட மாட்டேன்.

மரத்தடி: இது என்ன ராணுவ ரகசியமா? உங்களுக்கும் யாரோ சொல்லித்தானே தெரிஞ்சிருக்கும்.

ஏரிக்கரை வீட்டுக்காரன்: நான் காட்டுமன்னார்கோயில் பக்கம். போடாதீங்கண்ணே. எங்க ஊர் கரையில ஒருத்தன் வீடியோ போட்டான், அடுத்த வாரம் வண்டி வண்டியா வந்துட்டாங்க, ஆடு ஓட்டிட்டுப் போற அம்மா சுத்திப் போவுது, பாட்டில் ஒடச்சுப் போட்டதுல மாட்டுக் கால் கிழிஞ்சுது. நீங்க ஆளில்லாத இடம்ங்குறீங்க, எங்களுக்கு அது வீட்டுக் கொல்லை.

மரத்தடி: நாங்களும் வரி கட்டுறோம், ஏரி உங்க தாத்தா வெட்டினதா?

சில்வர் பீச் ரைடர்: சோழர் வெட்டினதுப்பா :)

ஏரிக்கரை வீட்டுக்காரன்: வெட்டினது யாரா இருந்தா என்ன, தூர் வார்றப்ப மண்ணு சுமக்குறது எங்காளுங்க. நீங்க குப்பையோட வர்றீங்க.

பாண்டி ஜிம்னி: எல்லாரும் குப்பை போட மாட்டோம் அண்ணா, ஒருத்தன் பண்றதுக்கு எல்லாரையும் சொன்னா எப்படி.

கொஞ்சம் நிறுத்துங்க. மரத்தடி, நீங்க கேக்குறதுல நியாயம் இல்லாம இல்ல, நானும் மத்தவங்க போட்ட மேப்பை வெச்சுத்தான் பொழைக்கிறேன், ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல பாதை வரைஞ்சு போட்டதே யாரோ முகம் தெரியாதவங்க. அதனால பாதை, கிணறு, பாலம், உடைஞ்ச கலுங்கு, இதெல்லாம் நான் மேப்புல ஏத்திட்டுத்தான் இருக்கேன், அது ஊர்க்காரங்களுக்கும் உதவும். தூங்கின இடத்தோட பின் அப்படி இல்ல. பத்துப் பேர் கூடற இடத்துல போட்டா பத்துப் பேரோட நிக்காது. இன்னொண்ணு, வீராணம் உள்ளூர் மழையில மட்டும் நெறையுற ஏரி இல்ல, கொள்ளிடம் கீழணையில இருந்து வடவாறு வழியா தண்ணி வருது, மேட்டூர் தெறந்தா இங்க ஏறும். நான் தங்கின இடம் இப்ப தண்ணிக்குள்ள இருக்கும், சந்தேகம்னா சென்டினல்ல பாருங்க. நேத்து நல்லா இருந்த பின் நாளைக்கு ஒருத்தர் உயிருக்கு உலை வெக்கும்.

சாட்டிலைட்ல மனுஷன் தெரியலன்னா அங்க ஆள் நடமாட்டமே இல்லன்னு அர்த்தம் இல்ல. ஒத்தையடிப் பாதை வெள்ளையாத் தேஞ்சு கிடந்தா தினம் ஆள் நடக்குதுன்னு அர்த்தம், மரத்தடியில புல்லு இல்லாம வட்டமா இருந்தா ஆடு மடக்குற இடம், சின்னதா ஒரு ஓட்டுக் கூரை தெரிஞ்சா பெரும்பாலும் சாமி. இதெல்லாம் இருந்தா நாலு மணிக்குள்ள ஊருக்குப் போயி டீ குடிச்சுட்டு, இன்னைக்கு ராத்திரி இங்க படுக்கலாமான்னு கேளுங்க.

ஏரிக்கரை வீட்டுக்காரன்: கேட்டா நாங்களே இடம் காட்டுவோம். மேட்டுல திடல் இருக்கு, பக்கத்துல பம்புசெட்டு, பாம்பு வராத பக்கம் எதுன்னும் சொல்லுவோம்.

மரத்தடி: சரி சரி, ஆளுக்கு ஆள் அட்வைஸு.

மேல போலாம்.

ஆரோவில் சைக்கிள்: ஜூலைல லடாக். மேப்புல என்ன பாக்கணும்?

படுக்குற உயரம். 3,000 மீட்டருக்கு மேல ராத்திரி தங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க, கான்டூர் பாத்து ஒவ்வொரு ராத்திரியையும் முன்னாடியே குறிச்சுக்கோங்க. பனி உருகி வர்ற ஓடை சாயங்காலம் ஏறும், காலையில குறையும், அதனால கடக்குறது காலையில. அங்கயும் ஓடைப் படுகையில டென்ட் போடாதீங்க, ஆமா திரும்பவும் சொல்றேன். ஏரிக்கரையில எல்லா இடத்துலயும் தங்க விட மாட்டாங்க, ஸ்பிதி வழியா போனா சந்திரதால்ல கரையில டென்ட் கிடையாது, தள்ளித்தான். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்டு வெச்சுக்கோங்க.

பெண்ணாடம் தார்: டவர் இல்லாத இடத்துக்கு கார்மின் இன்ரீச் வாங்கலாமா, ஃபாரின்ல இருந்து கசின் கொண்டு வர்றான்.

வேணாம். சாட்டிலைட் போன், சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கருவி எதுவா இருந்தாலும் இந்தியாவுல தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம வெச்சிருந்தா கேஸு, ஏர்போர்ட்லயே வெளிநாட்டுக்காரங்களைப் புடிச்சிருக்காங்க. கசின் மாட்டுவான். போற ரூட்டை ஜிபிஎக்ஸ் (மேப் ஆப்ல பாதையைச் சேமிக்கிற) ஃபைலா வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பிட்டு, இத்தன மணிக்குள்ள போன் வரலன்னா தேடுங்கன்னு சொல்லிட்டுப் போங்க.

சின்னசேலம் நைட் ரைடு: கல்வராயன் மலைக்குள்ள ரிசர்வ் ஃபாரஸ்ட்ல யாருக்கும் தெரியாம ஒரு ராத்திரி...

இல்ல. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத் தீயில 23 பேர் போயிட்டாங்க, அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதியே வந்துச்சு. காட்டுக்குள்ள நடக்கணும்னா வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு இருக்கு, புக் பண்ணிப் போங்க. சர்வே ஷீட்டுல ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லை போட்டிருக்கும், அந்தக் கோட்டுக்கு வெளிய தேடுங்க.

கோட்டக்குப்பம் கடலோரம்: நண்பன் அனுப்பின லொகேஷன் 11.75, 79.77ன்னு இருக்கு, போனா ஊருக்கு நடுவுல நிக்குது.

ரெண்டு தசம இடம்னா ஒரு கிலோமீட்டர் சுமாருக்குத் தள்ளிப் போகலாம். நாலு இடம் வந்தா 11 மீட்டர் சுமாருக்கு வரும், அஞ்சு இருந்தா ஒரு மீட்டர். முழு நம்பரையும் அனுப்பச் சொல்லுங்க.

திண்டிவனம் ட்ரிப்பர்: ஐபோன்ல நெட் இல்லாம ஜிபிஎஸ்...

எந்தப் போனா இருந்தாலும் செய்யும். மேல படிங்க சாமி.

புவனகிரி புல்லட்: ரெண்டு பேருக்கு நல்ல டென்ட் எது? அப்புறம் கொள்ளிடத்துல மணல் நல்லா...

டென்ட் கடையில கேளுங்க. கொள்ளிடத்துக்கும் அதே பதில்தான், கூடாது.