வசதி இடைவெளி கூடும்போது எதிரில் இருப்பவர் ஏன் மனிதராகத் தெரிவதில்லை?

எதிரில் நிற்பவருக்கும் நம்மைப் போலவே யோசனை, கூச்சம், வலி உண்டு என்பதை மனம் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் மனிதத்தன்மை நீக்கம். திட்டுவது, அடிப்பது எல்லாம் அப்புறம். பெரும்பாலும் இது சத்தமில்லாமல்தான் நடக்கும்.

வருமான இடைவெளி இதற்குத் தீனி போட முதல் காரணம் தூரம். நீலகிரியின் பழைய தேயிலை எஸ்டேட்டுகளில் துரை (மேலாளர்) பங்களா மேட்டில் தனியாக இருக்கும், தொழிலாளர்களின் லயன் வீடுகள் கீழே வரிசையாக. இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த குடும்பங்கள் பல, கோத்தகிரி, கூடலூர் பக்கம் கொழுந்து பறித்தே பிழைத்தன. ஆபீசுக்குப் போய்ச் சேர்வது இலையின் கிலோ கணக்கு. பறித்தவரின் முட்டிவலி எடைச் சீட்டில் வராது. குன்னூர் மலைப்பாதையில் மூடுபனியில் எதிரே வரும் வண்டி மாதிரி: இரண்டு விளக்கு தெரியும், ஓட்டுபவர் முகம் தெரியாது.

இரண்டாவது, சாக்கு. “அவங்களுக்குக் குளிர் பழகிடுச்சு” என்று சொல்லிவிட்டால் நம் கம்பளி உறுத்தாது. பரிவு போலவே ஒலிப்பதால் இதுதான் மோசம் என்பேன்.

உளவியலாளர்கள் லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கலந்துகொண்டவர்கள் வீடற்றவர்களின் படங்களைப் பார்த்தபோது, பிறரைப் பற்றி யோசிக்க உதவும் மூளைப்பகுதி மந்தமாகவே இருந்தது. ‘இவருக்கு எந்தக் காய் பிடிக்கும்?’ என்று யோசிக்கச் சொன்ன அடுத்த ஆய்வில் அதே பகுதி விழித்துக்கொண்டது. அவ்வளவு சின்னக் கேள்வி!

இது பணக்காரர்களின் குணம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; லயன் வீட்டில் வளர்ந்தவரும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவரை இப்படிப் பார்க்கக்கூடும்.