போக்கர் மேசைப் பரிசு யார் வீட்டுப் பணம்?

கேள்வி: கோவா போயிருந்த என் மச்சான் கப்பல் கேசினோ ஒன்றில் போக்கர் ஆடிவிட்டு, கையில் மெம்பர் கார்டோடு திரும்பியிருக்கிறார். 'உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பாயிண்ட் ஏறும், பெரிய சீட்டு விழுந்தால் தனிப் பரிசு, சாப்பாட்டையும் பாயிண்டிலேயே கழித்துக்கொள்ளலாம், தோற்றாலும் நட்டமில்லை' என்கிறார். அடுத்த முறை என்னையும் கூப்பிடுகிறார். நம்பிப் போகலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கார்டு உண்மை, பாயிண்டும் உண்மை. 'நட்டமில்லை' என்பதுதான் இடிக்கிறது.

சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட்டில் நீங்கள் கேசினோவை எதிர்த்து ஆடுகிறீர்கள். போக்கரில் எதிரே இருப்பவர்களும் உங்களைப் போல வந்தவர்கள்தான். கேசினோ மேசையும் சீட்டுப் போட ஆளும் கொடுத்துவிட்டு, நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இதற்கு ரேக் என்று பெயர். அமெரிக்காவின் நெவாடாவில் இது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. யார் ஜெயித்தாலும் கேசினோவுக்குக் கவலையில்லை, மேசை கலையாமல் இருந்தால் போதும். நாலு பேர் எழுந்தால் மிச்சப் பேரும் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் ஆள் வராத வாரநாள் பகலில், 'இந்த அரை மணி நேரத்தில் எந்த மேசையிலாவது விழும் மிகப் பெரிய சீட்டுக்குப் பரிசு' என்று அறிவிப்பார்கள். மாதத்துக்கு இத்தனை மணி நேரம் ஆடினால் இலவசப் போட்டியில் இடம் என்பதும் இதே கணக்குதான்.

சரி, அந்தப் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது? சீட்டுப் போடும் டீலர் கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பல போக்கர் அறைகளில் ரேக்குக்கான சிப் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) ஒரு துளைக்குள் போகும். கூடவே இன்னொரு சிப் வேறொரு துளைக்குள் விழும். அந்த இரண்டாவதுதான் பரிசு உண்டியல். எட்டு நம்பர் சீட்டு நாலும் சேர்ந்த பலமான கை இருந்தும் தோற்றவருக்குக் கிடைக்கும் 'பேட் பீட்' ஜாக்பாட்டும் அதிலிருந்துதான் வரும். தோற்றவருக்குப் பாதி, ஜெயித்தவருக்குக் கால், மேசையில் இருந்த மற்றவர்களுக்கு மிச்சம் என்று பிரிப்பது வழக்கம். நம்மூர் தீபாவளி சீட்டில் கட்டியவருக்கெல்லாம் பட்டாசும் ஸ்வீட்டுமாவது வீடு வந்து சேரும். இங்கே கட்டுவது எல்லாரும், வாங்குவது யாரோ.

புரிவதற்காக ஒரு கணக்கு, எண்கள் என் கற்பனை. மணிக்கு 30 ஆட்டம், ஆட்டத்துக்கு ரேக் 90 ரூபாய், உண்டியலுக்கு 30 ரூபாய். மணிக்கு 3,600 ரூபாய் மேசையை விட்டுப் போகிறது. ஒன்பது பேர் என்றால் தலைக்கு 400. இதற்கு ஈடாகக் கார்டில் 50 ரூபாய் பாயிண்ட் ஏறினால் அது லாபமா? பாயிண்டுக்காகக் கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மச்சானையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வரி. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. போன வாரம் தோற்றதை இதில் கழிக்க முடியாது.

ஊர் சுற்றப் போகும்போது ஒரு ராத்திரி ஆடிப் பார்க்க ஆசையென்றால் கார்டை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. நுழைவுக் கட்டணத்தோடு தரும் சிப்ஸைப் பணமாக மாற்ற முடியுமா, ஒரு தடவை ஆட மட்டுமா என்று கவுன்டரிலேயே கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். பாயிண்ட் எப்போது காலாவதியாகும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 'போக்கர் ஆப்பில் 5,000 போட்டால் 10,000 ஆக வரவு வைப்போம்' என்று டெலிகிராமில் செய்தி வருகிறது. போடலாமா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. போனஸ் இருக்கட்டும், போட்ட 5,000-ஐத் திரும்பக் கேட்கக்கூட அங்கே ஆள் இருக்காது. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.